இறங்க வேண்டியவர் யார்?

சென்ற ஆவணியில் ஒரு நாள் காலை, காஞ்சீபுரத்து ராஜ வீதி ஒன்றில் நான் ஒரு தப்புச் செய்தேன். அதைத் தப்பு என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். எந்தப் போலீஸ்காரரும் அதற்காக என்னைப் பிடித்துக்கொண்டு போக மாட்டார். கூட இருந்த நண்பர் அதைக் கவனிக்கவே இல்லை. இருந்தாலும் அன்று மத்தியானம் கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று நண்பரின் காரில் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு கிழவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். கேரியரில் வெள்ளைத் துணி மூட்டை. அதைக் கட்டியிருந்த பதனத்திலிருந்தே தறிக்காரர் என்று தெரிந்தது. நெய்து முடித்த சேலையைக் கொடுக்கப் போகிறாரோ, பட்டும் ஜரிகையும் வாங்கிக்கொண்டு திரும்புகிறாரோ! இடது பக்கம் வரிசையாக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். வலது பக்கம் எதிரே ஒரு பஸ். கிழவர் நடுவிலே, அவசரமில்லாமல், ஒரே சீராக மிதித்துக்கொண்டிருந்தார். நண்பர் பொறுமைசாலி. நான்தான், "ஹாரனை அடியுங்கள் சார், ஒதுங்கிவிடுவார்" என்றேன்.

அவர் அடித்தார். கிழவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டென்று கீழே இறங்கினார். சைக்கிளை நின்ற வண்டிகளுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரமாக நின்றார். நாங்கள் அவரைக் கடந்தபோது வலது கையை நெஞ்சு வரைக்கும் உயர்த்தினார். வணக்கமா, மன்னிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சைகை. தவறு ஏதோ தம்முடையது போல.

அந்தக் கையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

சிறு பிராயத்தில், என் தகப்பனாரின் கிராமத்தில், ஊர்த் தெரு ஆரம்பமாகும் இடத்தில் ஒரு புளியமரம் உண்டு. சேரியிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் அந்த மரத்தடியில் இறங்குவார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். தெருவின் மறுகோடி வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், அங்கே மறுபடி ஏறிக்கொள்வார்கள். திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் கை தானாக நெஞ்சுக்கு உயரும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் 1950இல் வந்துவிட்டது. அதை மீறினால் தண்டனை என்று சொல்லும் சட்டம் 1955இல் வந்துவிட்டது. இரண்டும் அந்தப் புளியமரம் வரைக்கும் வந்துசேர வெகுகாலம் ஆயிற்று. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட தெருக்கள் ஒன்றிரண்டல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அதுவும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அங்கே ஒருவன் பிறப்பைக் காட்டி அவனை இறக்கினார்கள். ராஜ வீதியில் கிழவரின் ஜாதி என்ன என்று எனக்குத் தெரியாது. என் ஜாதி அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் இறங்கினார். ஏன் இறங்கினார்? வீதியில் போக அவருக்கு உரிமை உண்டு. வேகமாகப் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் அவரை வற்புறுத்தவில்லை. அவர் பயந்தார், அவ்வளவுதான். அந்தப் பயத்தை நான் எனக்கு வேலைக்காரனாக உபயோகித்துக்கொண்டேன். வாய் திறந்து ஒரு வார்த்தை அதட்டவில்லை. ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னேன். அதட்டாமலே ஒரு மனிதரை இறக்க முடிகிறது என்பதுதான் என்னை உறுத்தியது.

இதில் ஒரு தர்மக் கேள்வி இருக்கிறது. ஒரே பாதையில் இரண்டு பேர் போகிறார்கள். அவர்களில் ஒருவரால் மற்றவரைக் கொன்றுவிட முடியும்; மற்றவரால் அது முடியாது. அப்படியானால் யார் யாருக்குக் கடமைப்பட்டவர்?

"அவரவர் ஜாக்கிரதை அவரவருக்கு" என்று சொல்வது வழக்கம். கேட்பதற்கு இது மிகவும் நியாயமாக இருக்கிறது. இரு தரப்புக்கும் ஒரே விதி அல்லவா? ஆனால் காரின் எடை ஒரு டன். சைக்கிளின் எடை இருபது கிலோ கூட இராது. வேகம் இரட்டித்தால் மோதுகிற சக்தி நாலு மடங்காகும் என்று பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகம் சொல்லுகிறது. கார்க்காரர் அஜாக்கிரதையாக இருந்தால் சைக்கிள்காரருக்கு உயிர் போகும். சைக்கிள்காரர் அஜாக்கிரதையாக இருந்தாலும் போவது அவர் உயிர்தான். இரண்டு தவறுக்கும் ஒரே ஆள் அபராதம் கட்டுகிற இடத்தில், ஒரே விதி என்பது எப்படி நியாயமாகும்? 2022ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசாங்கத்தின் கணக்கு. ஒரு பெரிய யுத்தத்தில் இத்தனை பேர் மாண்டால் நாடே துக்கம் கொண்டாடும். சாலையில் மாண்டவர்களுக்கு "பார்த்துப் போயிருக்கலாம்" என்ற ஒரு வார்த்தையோடு சரி.

கல்யாணத்திலிருந்து திரும்பியதும் இதையெல்லாம் என் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு எழுபத்தைந்து வயது. நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ சைக்கிள் கற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?" என்றாள்.

இல்லாமல் என்ன? மணிக்கு இருபத்தைந்து பைசா வாடகை. சீட்டில் ஏறினால் கால் எட்டாது. கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிப்பேன். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தவள் அக்காதான். அவள் பிடியை விட்டதே தெரியாமல் தெருக்கோடி வரைக்கும் ஓட்டிவிட்டு, திரும்பிப் பார்த்ததும் பயந்து விழுந்தேன். அன்று மிச்சம் கால் மணி நேரம் இருந்தது. "ஒரு தரம் நான் ஏறிப் பார்க்கிறேன்டா" என்று அக்கா கேட்டாள். எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அம்மா வாசலுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அக்கா உள்ளே போனாள். அப்புறம் அவள் எந்தச் சைக்கிளிலும் ஏறியதில்லை.

"எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்று இப்போதும் சில நாள் நினைத்துக்கொள்வேன்" என்றாள் அக்கா. "பெரிதாக ஒன்றும் இல்லை. சின்னக் காஞ்சீபுரத்துக்கு ஒரு நடை தனியாகப் போய் வரதரைச் சேவித்துவிட்டு வந்திருப்பேன். யாரையும் கேட்காமல்."

கிழவரை இறக்கியது சக்கரத்தின் பயம். அக்காவை ஏறவே விடாமல் தடுத்தது நாக்கின் பயம். இரண்டும் வேறு வேறு பயங்கள். இரண்டாவதை வென்ற கதை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிவிப்பது அதன் வேலை. மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும், சம்பளமில்லாமல் உழைத்த ஆயிரக்கணக்கான தொண்டர்களும் சேர்ந்து நடத்தினார்கள். எழுத்து கற்க வந்த பெண்களுக்கு அங்கே சைக்கிளையும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தெரிந்துகொண்ட பெண்ணுக்கு, பஸ்ஸே வராத ஊரில் அந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும்? அதனால் இரண்டையும் ஒரே பாடமாக வைத்தார்கள். வாங்கப் பணமில்லாத பெண்களுக்கு பாங்கிகள் கடன் கொடுக்க ஏற்பாடு ஆயிற்று.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்த நாட்களில் அங்கே போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்கிறார். 70,000 பேருக்கு மேல் பொது இடங்களில், போட்டிகளில், எல்லோரும் பார்க்க ஓட்டிக் காட்டினார்களாம். வயல் வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் உழைக்கிறவர்கள், கிராமத்து நர்ஸுகள், ஆசிரியைகள், வெளியே வருவதே அபூர்வமான முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பழக வருகிறபோது இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. சரி என்று ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பி ஒரு தடையாயிற்றே என்றால், குழந்தையை உட்கார வைக்க அது சௌகரியம் என்று கண்டுகொண்டார்கள்!

பேச்சு வராமலா இருந்தது? வாய்க்கு வந்தபடி கேலி பேசிய ஆண்கள் உண்டு. ஆனால் கேலிக்கு ஒரு சுபாவம் இருக்கிறது. தனியாகப் போகிற ஒருத்தியைப் பார்த்தால்தான் அதற்கு நாக்கு நீளும். ஒரே சாலையில் இருபது பெண்கள் மணி அடித்துக்கொண்டு வந்தால், இருபது பேரில் ஒருத்தி கேலி செய்கிறவனின் தங்கையாக இருப்பாள். இன்னொருத்தி அவன் மனைவியாகவே இருப்பாள். எங்கள் அக்காவின் தெருவில் அன்று இன்னும் ஐந்து பெண்கள் சைக்கிள் கேட்டிருந்தால் என் அம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பாளா என்று யோசிக்கிறேன். அம்மா கொடுமைக்காரி அல்ல. அவளும் திண்ணைக்குப் பயந்தவள்தான்.

புதுக்கோட்டை இயக்கத்தை நினைக்கும்போது எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தைரியமாக இரு என்று ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியே உபதேசம் செய்திருந்தால் பத்துப் பேர் கற்றிருப்பார்கள். அந்தப் பத்துப் பேரையும் வீராங்கனைகள் என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். இயக்கம் செய்த காரியம் வேறு. தைரியம் தேவைப்படாத அளவுக்கு அதைச் சாதாரண விஷயமாக்கிவிட்டது. எளியவர்களிடம் வீரத்தை எதிர்பார்க்கிற சமூகம் நல்ல சமூகம் அல்ல. கறிகாய் வாங்கப் போவதற்கு எதற்காக ஒருத்திக்கு வீரம் வேண்டும்? 2001இல் தொடங்கிப் பிற்பாடு எல்லா மாணவருக்குமாக விரிந்த அரசாங்க இலவசச் சைக்கிள் திட்டத்தில் இன்று பெண் குழந்தைகள் சைக்கிளைப் பெற்றுக்கொண்டு போகிறபோது யாரும் திண்ணையிலிருந்து சிரிப்பதில்லை. சிரித்தால் சிரிக்கிறவனைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

ஆனால் நாக்கைப் போல அல்ல சக்கரம். இருபது பேர் சேர்ந்து போனால் கேலி ஓடிவிடும், லாரி ஓடிவிடாது. சேர்ந்து போவதால் ஓட்டுகிறவன் கண்ணில் படுவோம், அது நிஜமான லாபம்தான். மிச்சத்துக்கு வழியும் விதியும் வேண்டியிருக்கிறது.

சைக்கிள் என்றதும் எல்லோரும் ஹாலந்து தேசத்தை உதாரணம் காட்டுவார்கள். அந்த ஜனங்கள் ஏதோ பிறவியிலேயே பொறுமைசாலிகள் போலப் பேசுவதுண்டு. உண்மை அப்படி இல்லை. 1950களிலும் 60களிலும் அவர்களும் காருக்காக வீடுகளை இடித்து வீதிகளை அகலமாக்கினார்கள். சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1971ஆம் வருஷத்தில் அந்தச் சின்னத் தேசத்தின் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். தன் மகளைச் சாலையில் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 'குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருவை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வீடுகள் உள்ள சில தெருக்களில் கார் நடைவேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று 1976இல் சட்டம் வந்தது. குழந்தை கவனக் குறைவாகத்தான் இருக்கும், அது குழந்தையின் குற்றமல்ல என்று ஒரு தேசம் ஒப்புக்கொண்டது. அங்கே மாறியது ஜனங்களின் சுபாவமல்ல. யாருடைய ஜாக்கிரதையை முதலில் கேட்பது என்ற வரிசை.

இதைச் சொன்னால் நண்பர்கள் இரண்டு ஆட்சேபங்கள் சொல்கிறார்கள். "சைக்கிள் ஏழையின் வாகனம். அவன் முன்னேறி மோட்டார் சைக்கிள் வாங்கட்டும் என்று நினைக்காமல், சைக்கிளிலேயே இருக்கச் சொல்கிறீர்களே!" என்பது ஒன்று. இது அசட்டையாகத் தள்ளக்கூடிய பேச்சு அல்ல. சைக்கிளைப் போற்றி எழுதுகிறவர்களில் பலர் காரில் போகிறவர்கள், நானே சாட்சி. யாரும் சைக்கிளிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி அல்ல. முன்னேறுகிற வரைக்கும் அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான். மேலும் எவ்வளவு முன்னேறினாலும் பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும் ஊரில் இருந்துகொண்டேதான் இருப்பார்கள்.

இன்னோர் ஆட்சேபம்: "ஹாலந்து எங்கே, காஞ்சீபுரம் எங்கே? இந்த ஊரில் இடம் ஏது?" இதைக் கேட்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. காஞ்சீபுரத்து ராஜ வீதிகள் ஏன் இவ்வளவு அகலம்? தேர் ஓட வேண்டுமே என்றுதான். இந்த ஊரிலேயே மிகப் பெரிய சக்கரம் தேர்ச் சக்கரம். அது ஓடுகிற அன்று சக்கரத்தின் பக்கத்திலேயே கையில் முட்டுக்கட்டையோடு ஆட்கள் நடந்து வருவார்கள். வேகம் மிஞ்சினால் கட்டையைக் கொடுப்பார்கள். எவ்வளவு பெரிய தேராயிருந்தாலும் நின்றாக வேண்டும். சுவாமியின் தேருக்கே முட்டுக்கட்டை உண்டு! நாமோ அந்த வார்த்தையைக் கெட்ட வார்த்தையாக்கிவிட்டோம். 'முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை' என்கிறோம். வடம் பிடித்த கூட்டத்தின் காலைக் காப்பாற்றுவது அதுதான் என்பதை மறந்துவிட்டோம். வேகத் தடையும் வேக வரம்பும் இந்தக் காலத்து முட்டுக்கட்டைகள். (தேரோடும் வீதிகளும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழமையில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று நமக்குத் தெரியாமலில்லை.)

இன்னொரு காட்சி. பிள்ளையார்பாளையத்துப் பக்கம் காலை வெயில் ஏறுமுன் போனால், தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை விரித்து நீட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் அதன் இரு பக்கமும் நின்று, அறுந்த இழைகளைத் தேடி முடிபோட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் என்ன செய்கிறான்? வேகத்தைக் குறைக்கிறான். இறங்குகிறான். தள்ளிக்கொண்டு சுற்றிப் போகிறான். ஹாரன் அடிப்பதில்லை. அங்கே அவன் பயந்து இறங்கவில்லை. ஓர் இழை அறுந்தால் ஒரு குடும்பத்தின் உழைப்புக் கெடும் என்று தெரிந்து இறங்குகிறான். பட்டு இழைக்குச் செய்கிற மரியாதையை, அந்தப் பட்டை நெய்த கிழவருக்கு ராஜ வீதியில் செய்ய நமக்கு ஏன் தெரியவில்லை?

ஒவ்வோர் ஊரிலும் நாலு பேர் சேர்ந்து ஒரு சிறு சங்கம் வைத்தால் இதில் நிறையச் செய்யலாம். ஞாயிறு காலையில் ஒரு மைதானம் போதும். வயது வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போது பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி வைத்து, முதலில் உருட்டிப் பழகச் சொன்னால் விழுகிற பயம் பாதி போய்விடும். கால் முடியாதவர்களுக்குக் கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியையும் அதே மைதானத்துக்குக் கொண்டுவரலாம். பழகியவர்கள் தெருவுக்குப் போகும்போது அனுபவசாலி ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் போகலாம். கூட்டத்தில் மிக மெதுவாகப் போகிறவரின் வேகமே எல்லோருக்கும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். எந்த முனையில் எந்த நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு நகராட்சியின் வாசலில் போய் நிற்கலாம். ஆனால் சைக்கிள் ஓட்டுகிறவர்களை மட்டும் கூப்பிட்டு, தலைக்கவசம் போடு, விளக்கு வை, ஓரமாகப் போ என்று சொல்லி அனுப்பிவிடுகிற சங்கமாக அது இருக்கக்கூடாது. அவையெல்லாம் நல்ல புத்திமதிகள்தாம். கேட்க வேண்டியவர்களில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள் என்பதுதான் குறை. கார் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களையும் கூப்பிட்டு, ஒரு காலைப் பொழுது அதே வீதியில் மிதிக்கச் சொல்ல வேண்டும்.

நான் மிதித்துப் பார்த்தேன். பேரனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, அந்த ராஜ வீதியில் அந்தக் கிழவர் போன திசையிலேயே போனேன். முதுகுக்குப் பின்னால் ஹாரன் கேட்டது. இறங்கக்கூடாது என்று வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டுதான் கிளம்பியிருந்தேன். உரிமை, நியாயம் எல்லாம் மனசில் இருந்தன. ஆனால் கால் என்னைக் கேட்கவில்லை. அதுவாகவே தரையில் ஊன்றிக்கொண்டது. ஒரு கார் உரசுகிறாற்போலப் போயிற்று. எனக்குக் கை உயரவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

நின்ற இடத்திலிருந்து வீதி அகலமாகிற முனை வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மிதித்தேன். நாற்பது விநாடி ஆயிற்று. அன்று நாங்கள் கிழவரின் பின்னாலேயே பொறுமையாகப் போயிருந்தால் இழந்திருக்கக்கூடியது அந்த நாற்பது விநாடிதான். முகூர்த்தம் தவறியிருக்காது. அன்று நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் மாப்பிள்ளை மணமேடைக்கு வர அரை மணி ஆயிற்று.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "இனிமேல் யாராவது முன்னால் போனால் என்ன செய்வாய்?"

"காத்திருப்பேன்" என்றேன்.

"சரி, அந்தச் சைக்கிளை இப்படிக் கொண்டு வா. கொஞ்சம் பிடித்துக்கொள்" என்றாள். ஏறவில்லை, எழுபத்தைந்து வயதில் அந்த ஆசையெல்லாம் இல்லை என்றாள். ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மணியை மட்டும் இரண்டு தரம் அடித்துப் பார்த்தாள்.